ஓய்விலிருந்த விசிறி

வெண்சிறகு ஏர்வேஸ் விமானத்துக்குள் அன்றைக்குக் காற்று இல்லை என்று நூர்ஜகான் சொன்னது அப்பட்டமான பொய் என்று அந்தக் கம்பெனி இன்றுவரை சாதிக்கிறது. காற்று இருந்ததாம். அவள் வீட்டுக்காரர் உமர் பாரூக்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தவறிவிட்டாராம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுற்றுலாப் பேருந்துகளை வாடகைக்கு விடும் குடும்பம் அவர்களுடையது. பெயர்ப்பலகையில் உமர் பாரூக் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் டிரைவரை வேலைக்கு எடுப்பது, டயர் கடைக்காரனோடு சண்டை பிடிப்பது, ராத்திரி வராத வண்டிக்கு போன் போட்டுக் கத்துவது எல்லாம் நூர்ஜகான். உமர் பாரூக் சாது. மூச்சிளைப்பு நோய் உள்ளவர். உயரமான கட்டடத்தையோ கோட்டுப் போட்ட அதிகாரியையோ பார்த்தால் செருப்பைக் கழற்றிவிடலாமா என்று யோசிக்கிற ஆள்.

ஒரே மகள் மஹ்ஜபீன் துபாயில் இருந்தாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. "நீ பக்கத்துல நின்னாத்தான்மா நான் ஆஸ்பத்திரிக்கே போவேன்" என்று அவள் போனில் அழ, இருவரும் கத்திரி வெயிலில் சென்னைக்குப் போய் விமானம் ஏறினார்கள்.

ஏறினார்களே தவிர விமானம் ஏறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஓடுபாதைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. முன்னால் நிறைய விமானங்கள் வரிசையில் நிற்பதாகச் சொன்னார்கள். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே ஆட்கள் உருக ஆரம்பித்தார்கள். தலைக்கு மேலே காற்று வர வேண்டிய ஓட்டையில் நூர்ஜகான் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. திருகிப் பார்த்தாள். திருகு மட்டும் நன்றாகச் சுற்றியது.

அந்தப் பக்கமாக வந்த பணிப்பெண்ணை நிறுத்தினாள். சட்டையில் குத்தியிருந்த வில்லையில் இசைவாணி என்று இருந்தது.

"ஏம்மா, காத்தே வர்லியே. ஃபேனைக் கொஞ்சம் போடச் சொல்லும்மா. இவருக்கு இளைப்பு கீது."

"தரையில நிக்கும்போது காற்றைச் சுழற்றுற விசிறியை ஓட்டக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவு மேடம். எரிபொருள் சிக்கனம். மேல போனதும் காத்து வந்துடும்."

"மேல போறதுன்னா?" என்று உமர் பாரூக் மிரண்டார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி இருமியது. "அன்பான பயணிகளே! உங்கள் சௌகரியமே எங்கள் சுவாசம். ஆழமாக மூச்சு இழுப்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும். அருகில் அமர்ந்திருப்பவருக்கும் காற்று தேவைப்படலாம்."

உமர் பாரூக் அந்த வேண்டுகோளுக்குக் கட்டுப்பட்டு மூச்சைக் கொஞ்சமாக இழுத்தார். பிறகு அதுவும் முடியாமல், எதிர் சீட்டுப் பையில் செருகியிருந்த அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார். இசைவாணி ஓடி வந்தாள். "சார், அது பாதுகாப்பு அட்டை. விசிறிக்கிறதுக்குப் பயன்படுத்தினா விதிமீறல்." சொல்லும்போதே அவள் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து அந்த அட்டைமேல் சொட்டியது. நூர்ஜகான் அதைக் கவனித்தாள். அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

உமர் பாரூக்குக்கு நெஞ்சுக்குள் விசில் கிளம்பியது. இளைப்பு மருந்து தலைக்கு மேலே பைகள் வைக்கும் பெட்டிக்குள் இருந்தது. நூர்ஜகான் எழுந்தாள். பெல்ட் விளக்கு எரியும்போது எழக்கூடாது என்றார்கள். அவள் பெட்டியைத் திறந்தாள். திறக்கக்கூடாது என்றார்கள். மருந்தை எடுத்துத் திரும்புவதற்குள் அவர் உதடு நாவல்பழத் தோல்போல நிறம் மாறி, பக்கத்து ஆளின் தோளில் சரிந்துவிட்டார். நூர்ஜகான் விமானியின் கதவுவரை ஓடி, "ஃபேனைப் போடுங்கடா!" என்று இரண்டு கையாலும் அறைந்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. விமானம் திரும்பியது. இருவரையும் இறக்கினார்கள். அவரைச் சக்கர நாற்காலியிலும், அவளை இரண்டு காவலர்களுக்கு நடுவிலும் கொண்டுபோனார்கள். இறக்கிய பிறகு விமானம் கிளம்பிவிட்டது. காற்றும் வந்துவிட்டதாம்.

அந்த வாரமே மஹ்ஜபீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் பச்சைக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். "வலி எடுத்தப்போ கையப் புடிச்சிக்க யாருமே இல்லம்மா. ஒரு நர்ஸ் அக்காதான் புடிச்சிக்கினாங்க" என்றாள். நூர்ஜகான் அழவில்லை. மாஷா அல்லாஹ் என்று குழந்தைக்குக் காற்றிலேயே முத்தம் கொடுத்து, போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து, நின்றுகொண்டிருந்த வண்டியின் டயரை ஓங்கி உதைத்தாள்.

புகார் செய்தாள். சென்னைக்கு வரச் சொன்னார்கள். வானத்தில் பாதியை மறைத்து நின்ற கட்டடத்தின் உச்சி மாடியில் 'பயணியர் காற்று உணர்வுக் குறைதீர்ப்புக் குழு' கூடியிருந்தது. அறையில் ஏசி போட்டிருந்த வேகத்தில் உமர் பாரூக்குக்குப் பல் தந்தியடித்தது. குழுவின் தலைவர் தீனதயாளன். காற்று நலப் பிரிவின் முதன்மை அதிகாரி. பேசும்போது தன் குரலைத் தானே ரசித்துத் தலையாட்டும் பழக்கம் உள்ளவர்.

"அம்மா, முதல்ல ஒரு திருத்தம். விசிறி நிறுத்தப்படலை. ஓய்வுல இருந்தது. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு" என்று அவர் ஆரம்பித்தார். "விமானத்துக் காற்று உங்க பஸ் ஸ்டாண்டுக் காற்று மாதிரி சும்மா வர்றதில்லை. பாதி வெளியிலிருந்து வரும். மீதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதை வடிகட்டிச் சுத்தி விடுறது. ஒருத்தர் விட்ட மூச்சை இன்னொருத்தர் சுத்தமா வாங்கிக்கிறார். சாதி இல்லை, மதம் இல்லை. சமத்துவம்மா! அந்தச் சமத்துவம் சுத்தலைன்னா அது அங்கேயே நிக்குது, அவ்வளவுதான். காணாமப் போயிடலை."

"சார், இவரு நீலம் பூத்துட்டாரு."

"அது உங்க பார்வை. எங்க பதிவுப்படி கேபின்ல காற்று வழங்கப்பட்டிருக்கு. பயணி அதைப் பெற்றுக்கொள்ளலை. காற்று ஒரு உணர்வும்மா. உணர்வுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?" தலையாட்டினார். குழுவும் தலையாட்டியது. "இந்த விசிறிச் சிக்கனத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். அதுக்காக எனக்கு விருது குடுத்திருக்காங்க. மேடையில மூச்சே முட்டிப்போச்சு, அவ்வளவு மாலை."

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. பாதுகாப்பு அட்டையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக உமர் பாரூக்குக்கும், விமானியின் கதவை அச்சுறுத்தியதற்காக நூர்ஜகானுக்கும் விமானப் பயணத் தடை. மற்ற கம்பெனிகளுக்கும் பெயர்களை அனுப்பிவிட்டார்கள். பேத்தியைப் பார்க்க வேண்டுமானால் கடலில் நீந்தித்தான் போக வேண்டும்.

"வுடு நூரு. பெரிய எடத்து சமாச்சாரம்" என்றார் உமர் பாரூக்.

"பெரிய எடமா? காத்து வுடாத எடம்" என்றாள் நூர்ஜகான்.

அவள் மறுபடி புகார் எழுதவில்லை, யார் காலிலும் விழவில்லை. வெண்சிறகின் விளம்பரம் டிவியில் வந்தால் மட்டும் சேனலை மாற்ற விடாமல் கடைசிவரை முறைத்துப் பார்ப்பாள். பேத்தி குப்புற விழுந்தாள். தவழ்ந்தாள். எல்லாம் போனில்.

மறு வருஷக் கத்திரியில் சென்னையிலிருந்து விழா ஏற்பாட்டுக் கம்பெனி ஒன்று போன் செய்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் அதிகாரிகள் கல்வராயன் மலைக்கு வருகிறார்கள். சின்னசேலம் ரயிலடியில் ஏற்றி வெள்ளிமலையில் இறக்க வேண்டும். கண்ணாடி திறக்காத முழு ஏசி வண்டி வேண்டும், வெளிக்காற்று அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எதற்கு வருகிறார்கள் என்று நூர்ஜகான் கேட்டாள். 'மலைக் காற்று உங்கள் இருக்கையில்' என்று புது விளம்பரம் எடுக்கிறார்களாம். அதோடு அதிகாரிகளுக்கு மூச்சுப் பயிற்சி முகாமும் உண்டாம். நிறுவனத்தின் பெயரைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து உமர் பாரூக் கையிலிருந்த டீயை வைத்துவிட்டார்.

"வேணாம் நூரு."

"வண்டி நம்முது. டிரைவரு நம்மாளு. சுச்சும் நம்ம கையில. வேற இன்னா வேணும்?"

"அப்போ நானும் வர்றேன்" என்றார். அவளைத் தனியாக விட அவருக்குப் பயம்.

டிரைவர் சின்னதுரை மலையடிவாரத்துக்காரன். விஷயத்தைச் சொன்னதும், "பாய் அன்னைக்கு வூட்டுக்கு வந்த கோலத்த நானும்தானே பார்த்தேன், பாயம்மா. எந்த வளைவுல நிறுத்தணும், அத மட்டும் சொல்லுங்க" என்றான்.

சின்னசேலத்தில் ரயிலிலிருந்து அந்தக் குறைதீர்ப்புக் குழு அப்படியே இறங்கியது. தீனதயாளன் முன்னால் வந்தார். நூர்ஜகானை நேராகப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. கோப்பில் கண்ட முகங்களை அதிகாரிகள் கோப்போடு மூடிவிடுகிறார்கள். விளம்பரத்தில் சிரிப்பதற்காக அழைத்து வந்திருந்த இசைவாணிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. படியில் வைத்த காலை எடுக்காமல் ஒரு நொடி நின்றாள். நூர்ஜகான் அவளிடம், "வாம்மா, முன்னாடி வந்து உக்காரு" என்றாள்.

கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறும்வரை குளுகுளுவென்றுதான் இருந்தது. வண்டியின் மைக்கை வாங்கித் தீனதயாளன் காற்றைப் பற்றிப் பேசினார். நல்ல அதிகாரிக்குக் குறைந்த காற்றில் நிறையப் பேசத் தெரிய வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நிழல் இல்லாத ஒரு வளைவில், பாறை வெயிலைத் திருப்பி அடிக்கும் இடத்தில், சின்னதுரை வண்டியை ஓரங்கட்டினான். போன் சிக்னல் எடுக்கும் இடமும் அதுதான் என்று நூர்ஜகானுக்குத் தெரியும். இன்ஜின் நின்றது. ஏசி நின்றது.

நூர்ஜகான் மைக்கை எடுத்தாள். "அன்பான பயணிங்களே! மேல இருந்து வண்டிங்க இறங்கிக்கினு இருக்குது. வழி கிடைச்சதும் கிளம்பிடுவோம். அதுவரைக்கும் ஃபேன் ஓய்வுல இருக்கும். டீசல் சிக்கனம்."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு கோட்டுகள் கழன்றன. பிறகு டைகள். கண்ணாடிக்கு வெளியே பத்தடி தூரத்தில் கடுக்காய் மரத்து இலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே எதுவும் ஆடவில்லை. ஒருவர் முகாமுக்குக் கொண்டுவந்த காகிதக் கட்டால் விசிறிக்கொண்டார். "சார், அது பயிற்சிக் காகிதம். விசிறிக்கக் கூடாது" என்றாள் நூர்ஜகான். இன்னொருவர் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் மேல் கை வைத்தார். "அது பாதுகாப்புக் கருவி. காத்துக்காகப் பயன்படுத்துனா விதிமீறல்." விதி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கை தானாக இறங்கிவிட்டது. பழக்கம்.

தீனதயாளன் எழுந்து வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "யாரும்மா நீ? கதவைத் திற!"

"கதவைத் திறக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும் சார். காத்து உள்ளதான் இருக்குது. நீங்கதான் வாங்கிக்கல."

அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. காலரைப் பிய்த்துக்கொண்டு, மலையே எதிரொலிக்கும்படி கத்தினார். "மனுஷன் மூச்சு விட வேணாமா? காத்து இல்லாம எவன்டா உயிரோட இருப்பான்? ஃபேனைப் போடுடா டேய்!"

இசைவாணி முன் சீட்டிலிருந்து போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். படம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதையேதான் சார் அன்னைக்கு உங்க விமானத்துல என் வூட்டுக்காரருக்காக நான் கத்துனேன்" என்று நூர்ஜகான் தன் கணவனைச் சுட்டிக்காட்டினாள். "அதோ உக்காந்துக்கினு இருக்காரே, அவருதான். என் பொண்ணு அனாதை மாதிரி புள்ளை பெத்தா. எங்க தடையை இப்பவே நீக்குங்க. ஒரு போனு. அவ்வளவுதான். கதவு தொறந்துடும்."

ஒரே ஒரு போன் போட்டிருந்தால் அவர்கள் தப்பித்திருப்பார்கள். ஆனால் தீனதயாளன், "அதுக்குக் குழு கூடணும்" என்றார்.

"குழு மொத்தமும் இங்கதானே கீது?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் கூடிவிட்டது. முன்மொழிவது யார் என்று தகராறு வந்தது. வழிமொழிய வேண்டியவர் தரையில் படுத்திருந்தார், படுத்துக்கொண்டு வழிமொழியலாமா என்று விவாதித்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லுக்கு ஒருவர் ஆட்சேபித்தார். வருத்தம் என்று போடலாம் என்றார் இன்னொருவர். வருத்தப்பட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகும், 'கவனத்தில் கொள்ளப்பட்டது' போதும் என்று மூன்றாமவர் மூச்சிரைக்கச் சொல்லிவிட்டுக் கண் செருகினார்.

"பாயம்மா, இவனுங்க செத்தாலும் தீர்மானம் போட்டுட்டுத்தான் சாவானுங்க போல" என்றான் சின்னதுரை.

நூர்ஜகான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் மனது கேட்டது. உமர் பாரூக்குக்குத்தான் முடியவில்லை. அவருக்கும் இளைக்க ஆரம்பித்திருந்தது. மருந்தை உறிஞ்சிவிட்டுத் தட்டுத்தடுமாறி முன்னால் வந்தார்.

"மூச்சு முட்டறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் நூரு. போதும்." சொல்லிவிட்டு அவரே கதவு விசையை அழுத்தினார்.

காற்று உள்ளே பாய்ந்தது. அதிகாரிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே ஓடினார்கள். சாலையோரம் குப்புறப் படுத்து மலைக் காற்றை அள்ளி விழுங்கினார்கள். தீனதயாளனுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பதவியும் திரும்பி வந்தது. எழுந்து சட்டையை உதறினார்.

"நிர்ப்பந்தத்துல கூடின கூட்டம் செல்லாது. தடை தடைதான். உங்க ரெண்டு பேரையும் உள்ள வைக்காம விடமாட்டேன்."

உமர் பாரூக் வாயைத் திறந்தபடி நின்றார். நூர்ஜகான் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தானே போய்ச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவள் இசைவாணியைப் பார்த்தாள். அந்தப் பெண் கீழே இறங்கவே இல்லை.

"வண்டியத் திருப்பு, சின்னதுரை."

"ஏய், எங்களை இங்கே விட்டுட்டா? நாங்க எப்படிப் போறது?" தீனதயாளன் பின்னால் ஓடிவந்தார்.

"காத்துக்குத்தானே வந்தீங்க? நடந்து போனா ஜாஸ்தி கிடைக்கும்" என்று படியில் நின்று சொன்னாள் நூர்ஜகான். கதவு மூடிக்கொண்டது.

குழு மலையிறங்கி அடிவாரத்துக் காவல் நிலையத்தை அடைந்தபோது பலரிடம் செருப்பு இல்லை. எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். "மூடின வண்டிக்குள்ள ஆளுங்கள உக்கார வெச்சு, காத்து வராம நிறுத்தினது குத்தம்னு எழுதணும், அதானே சார்? எழுதிடறேன். நீங்க எந்தக் கம்பெனின்னு சொன்னீங்க?"

தீனதயாளன் கம்பெனியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். மூடினார். மறுபடி எடுத்தார். பக்கத்திலிருந்த சட்ட அதிகாரி அவர் கையைப் பிடித்து அழுத்தினார். நாங்கள் காற்று வாங்க நடந்து வந்தோம், வழி கேட்கத்தான் உள்ளே நுழைந்தோம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள்.

மறுநாள் இசைவாணி வேலையை விட்டாள். விடும் முன்பாகக் கையிலிருந்த படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினாள். பிறகு யாரும் யாருக்கும் அனுப்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கலைந்த காலரோடு தீனதயாளன் 'மனுஷன் மூச்சு விட வேணாமா' என்று கேட்பதை நாடே பார்த்தது. நடந்தது என்ன என்று பத்திரிகைகள் தோண்டின. பழைய பயணிகள் நூற்றுக்கணக்கில் புகாரோடு கிளம்பினார்கள். தீனதயாளனுக்குக் கொடுத்த விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தீனதயாளன் நிலத்தடியில் இருக்கும் மூட்டை முடிச்சுப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அங்கே ஜன்னல் கிடையாது, ஒரு மேஜை விசிறி உண்டு. சிக்கனச் சுற்றறிக்கைப்படி அதை ஓட்ட அவர் தினமும் எழுதி அனுமதி வாங்க வேண்டும். உமர் பாரூக், நூர்ஜகான் மீதிருந்த தடை நீங்கியது. காரணமாக 'நல்லெண்ணம்' என்று போட்டிருந்தார்கள்.

பேத்தி நடக்கத் தொடங்கிய பிறகுதான் இருவரும் மறுபடி விமானம் ஏறினார்கள். துபாய்க்கு அன்றைக்கு இடம் இருந்தது வெண்சிறகில் மட்டும்தான். உமர் பாரூக் இந்த முறை மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கதவு சாத்தப்பட்டது. விமானம் வெயிலில் போய் நின்றது. காற்று வரவில்லை. அன்பான பயணிகளே என்று ஒலிபெருக்கி இருமியது.

நூர்ஜகான் பல்லைக் கடித்துக்கொண்டு எழப்போனாள். அதற்குள் பின்வரிசையில் முகம் தெரியாத யாரோ ஒருவர் போனில் அந்தப் படத்தை உரக்க வைத்தார். "மனுஷன் மூச்சு விட வேணாமா?" என்று தீனதயாளன் அலறினார். நடுவரிசையில் இன்னொரு போன் அலறியது. ஜன்னலோரத்தில் பாட்டா செருப்புப் போட்ட ஒருவர், குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், கல்லூரிப் பிள்ளைகள் என்று விமானம் முழுக்கத் தீனதயாளனாக அலறியது. "ஃபேனைப் போடுடா டேய்!"

பணிப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி தொலைபேசியை எடுத்து விமானியிடம் ஏதோ சொன்னாள். தலைக்கு மேலே எங்கோ ஒரு முனகல் கேட்டது. சில்லென்று காற்று இறங்கியது.

உமர் பாரூக் கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டார். "பாவம் நூரு அந்த மனுசன்" என்றார்.

"கம்முனு மூச்சு வுடுங்க" என்றாள் நூர்ஜகான்.